குளிரில் வைத்த இரத்தம்

போன வாரம் இங்கே பலேர்மோவில் பல்லரோச் சந்தைக்கு மத்தி வாங்கப் போனேன். போகிற வழியில் ஒரு சோதனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவில் புது விளம்பரம் ஒட்டியிருந்தது. வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்களாம். மறுநாள் காலைவரை அதைக் குளிரில் வைத்துப் ‘புத்தம் புதிதாக’ப் பாதுகாப்பார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நின்று தமிழில் திட்டத் தொடங்கிவிட்டேன். சுட்ட வெங்காயம் விற்கிற மனிதன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும். இரத்தம் என்ன மத்தி மீனா, ஐஸில் போட்டுவைக்க?

என்னோடு வேலை செய்த பிள்ளைகள் இன்றைக்கும் ஃபோன் எடுத்துக் கேட்பார்கள், “தவமக்கா, ஓய்வு பெற்ற பிறகும் ஏன் இப்படிக் கொதிக்கிறீங்கள்?” என்று. கொதிக்கத்தான் செய்வேன். பலேர்மோவில் தொண்ணூறுகளில் எனக்கு நடந்ததை அவர்கள் முழுதாக ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எழுதுகிறேன், வாசிக்கட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலை பழகியவள். சண்டைக் காலம். மின்சாரம் இல்லை. இரத்தம் எடுத்தால் கையால் சுற்றுகிற இயந்திரத்தில் அந்த நேரமே போட்டுச் சுற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை, அதுதான் சீரம், பிரித்து எடுத்துவிடுவோம். வெயிலில் பழுதாகிவிடும் என்ற பயம். ஃப்ரிட்ஜ் என்று ஒன்று மூலையில் நின்றது, அதற்குள் நாங்கள் துணி மடித்து வைத்தோம். பிறகு பலேர்மோவுக்கு வந்து எல்லாரையும் போல வீடுகள் துடைத்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனேன். என் சான்றிதழை மொழிபெயர்த்துக் காட்டிய பிறகு, ஒரு நல்ல நாளில் வெள்ளைக் கோட்டு தந்தார்கள்.

தந்தவர் எங்கள் பொறுப்பாளர். அவரை எல்லாரும் தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த, உயரமான மனிதர். கோட்டின் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கும், ஓகஸ்ட் வெயிலிலும். ஒருவரோடும் உரத்துப் பேசமாட்டார். குழாய் கழுவ வந்தவளையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். ஒவ்வொரு சீரத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பு கண்டால், “சிவப்பணு உடைந்திருக்கிறது, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்” என்று அப்படியே ஓரமாக வைத்துவிடுவார். கோப்பியை நின்றபடியே ஒரு மிடறில் குடிப்பார். முதலாளி அறைக்குள் வந்தால் மட்டும் அந்த மனிதரின் முதுகு கொஞ்சம் வளையும். அது எனக்குப் பிடிக்காது.

சோடியமும் பொற்றாசியமும் அளக்க எங்களிடம் ஃப்ளேம் ஃபோட்டோமீற்றர் என்ற பழைய இயந்திரம் இருந்தது. வாயு நெருப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். நீர் கலந்த சீரத்தை மெல்லிய குழாய் உறிஞ்சி அந்த நெருப்பில் தூவும். சோடியம் நெருப்பைத் தெருவிளக்கு மாதிரி மஞ்சளாக்கும். பொற்றாசியத்தின் ஊதா அந்த மஞ்சளுக்குள் ஒளிந்துகொள்ளும், நிறக் கண்ணாடி வழியாகத்தான் இயந்திரம் அதைப் பிரித்துப் பார்க்கும். எனக்கு அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கவே விருப்பம்.

இரத்தம் எடுக்கிற அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் சுவருக்குள் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. நான் சேர்ந்த புதிதில் தொத்தோரே என்னை அதற்கு முன்னால் நிறுத்திவைத்து, உயிரணுவின் சுவரில் இருக்கிற பம்பை விளக்கினார். குழாய் மூடிகளில் வெள்ளை சோடியம், சிவப்பு பொற்றாசியம்.

“நாம் நிற்கிற அறை உயிரணுவின் உட்பக்கம்” என்றார். “கதவு உள்ளே திறந்திருக்கும்போது இந்தப் புரதம் சோடியத்தைத்தான் விரும்பும்.” மூன்று வெள்ளை மூடிகளைப் பெட்டிக்குள் வைத்தார். “இப்போது ஒரு பொஸ்பேற்று வந்து ஒட்டுகிறது. உயிரணு அதற்குச் சக்தி செலவழிக்கிறது.” கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் இரண்டு கதவும் மூடியே இருந்தன. “இந்த நேரம் சோடியம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.” பிறகு அறையை விட்டு வெளியே போய், சுற்றி நடந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூன்று மூடிகளையும் எடுத்தார். அவருடைய குரல் பெட்டி வழியாக வந்தது: “உருவம் மாறிவிட்டது. இப்போது அதே இடத்துக்குச் சோடியத்தில் ஆசை இல்லை. பொற்றாசியத்தில்தான் ஆசை.” இரண்டு சிவப்பு மூடிகளை வைத்துச் சாத்தினார். பொஸ்பேற்று கழன்றது என்று சொல்லிக்கொண்டே திரும்ப நடந்துவந்து, எங்கள் பக்கம் திறந்து, இரண்டு சிவப்பையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

“மூன்று வெளியே, இரண்டு உள்ளே. இது நின்றால் நீங்களும் இல்லை, நானும் இல்லை, தவா.”

ஒரு மனிதன் ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார். அதனால்தான் பிறகு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பவானி வடமராட்சிப் பிள்ளை. கணவன் இல்லை, மகள் ஊரில் தங்கையோடு. நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில், மந்தரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீட்டில், சிஞ்ஞோரா கொன்செத்தா என்ற வயதான அம்மாவைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். அம்மாவுக்கு இதயம் பலவீனம். இதயத்துக்கு டிஜொக்சின் குளிசை. கால் வீக்கத்துக்குச் சிறுநீர் போக ஒரு குளிசை. அந்தக் குளிசை பொற்றாசியத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும் என்பதால், ஈடுகட்டப் பொற்றாசியப் பாணி மருந்து. எல்லாவற்றையும் பவானி நேரம் தவறாமல் கொடுப்பாள். தடிமன் பிடித்தால் எங்கள் வழக்கப்படி மல்லியும் இஞ்சியும் அவித்து மல்லித்தண்ணி கொடுப்பாள். அம்மா அதை விரும்பிக் குடித்தார். பின்னேரத்தில் இருவரும் முற்றத்தில் இருந்து மந்தரின் உரித்துச் சாப்பிடுவார்கள். மகன் சல்வோ நகரத்தில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை வந்து போவார்.

அம்மாவின் இரத்தம் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். ஒருமுறை பொற்றாசியம் கூடுதல் என்று வந்தது. குடும்ப வைத்தியர் பாணியை நிறுத்தினார். சாப்பாட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சல்வோ உடனே சொன்னாராம், அந்தத் தமிழ்ப் பெண் மண்ணிறமாக ஏதோ அவித்துக் கொடுக்கிறாள் என்று. மல்லித்தண்ணி போயிற்று. மந்தரினும் போயிற்று. மறுதடவை அளவு சரியாக வந்தது. வைத்தியருக்குச் சந்தோஷம், தான் கண்டுபிடித்துவிட்டார் என்று. ஆனால் அந்த அம்மா சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்கத் தொடங்கினார். சுவர் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். நாடி விட்டுவிட்டு அடித்தது. மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தம் பார்த்தால், பொற்றாசியம் பாதாளத்தில்.

அடுத்த நாள் மத்தியானம் பவானி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து கதிரையில் இருக்கவும் இல்லை.

“தவமக்கா, என்னைக் கொலைகாரி எண்டுறாங்கள்.”

“ஆர் சொன்னது?”

“மகன்காரன். ஆசுப்பத்திரியிலை எல்லாருக்கும் முன்னாலை. முதல் மல்லித்தண்ணி குடுத்துப் பொற்றாசியத்தைக் கூட்டினனானாம், பேந்து வேறை ஏதோ குடுத்துக் குறைச்சனானாம். பொலிசிலை, குவெஸ்தூராவிலை போய் எழுதிக் குடுக்கப்போறாராம். அக்கா, நான் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிறதுக்கு அங்கைதான் கிடக்குது. பொலிசிலை என்ரை பேர் போனால் எனக்கு ஆர் வேலை தருவினம்? பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?”

“உவருக்கு விசரே? கூட்டவும் குறைக்கவும் நீ என்ன மந்திரவாதியே?”

“அதில்லை அக்கா.” அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவும் நம்பிட்டா. நான் தண்ணி பருக்கப் போனன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டா. எத்தினை வருசம் நான் அந்த வாய்க்குச் சாப்பாடு தீத்தினனான்!”

 எனக்கு ஒன்று இடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்சம் முதல்தான் எங்கள் கூடம் அளவு சரி என்று சொல்லியிருந்தது. ஒரே உடம்பு, ஒரே வாரம்.

“இரத்தம் எப்பிடி எடுத்தவை?”

“உங்கடை கூடத்து நேர்ஸ் பின்னேரம் வேலை முடிஞ்சு வீட்டை போகேக்கை வந்து எடுப்பா. வாகனம் அடுத்தநாள் காலமைதான் வரும். அதுமட்டும் ஃப்ரிட்ஜிலை வைக்கச் சொல்லுறவை. நான் கவனமாய் ஐஸ் பெட்டிக்குக் கிட்ட, பாலுக்குப் பக்கத்திலை வைப்பன். பழுதாப் போகக்கூடாது எண்டு ஈரத்துணியும் சுத்துவன்.”

“சீரம் பிரிக்காமலோ? அப்பிடியே குழாயோடையோ?”

“ஓம் அக்கா. பிழையே?”

எனக்கு அது பிழை என்று பட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜே வேலை செய்யாத கூடத்தில் படித்தவளுக்கு இந்தப் பிழை எங்கே கண்ணில் படும்? அவளை வீட்டில் இருத்திவிட்டு நேரே வேலைக்கு ஓடினேன்.

தொத்தோரே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கோட்டின் கையை மடித்துவிட்டு, “உங்கள் இரத்தம் கொஞ்சம் எடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு குழாய் எடுத்தார். ஒன்றைச் சிறிது நேரம் உறையவிட்டுச் சுற்றி, சீரத்தைப் பிரித்து வைத்தார். மற்றதை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்.

மறுநாள் காலை இரண்டையும் நெருப்பில் விட்டோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு சீரமும் ஒரே தெளிவு, ஒரே மஞ்சள். ஒரு துளி சிவப்பு இல்லை. பிரித்து வைத்த சீரத்தில் நான் ஆரோக்கியமான பெண். குளிரில் கிடந்த குழாயிலோ, பொற்றாசியம் ஏறி, அந்த நேரமே கட்டிலில் படுக்கவைக்க வேண்டிய நோயாளி.

“குளிரில் பம்ப் நின்றுவிடும்” என்றார், முகத்தைப் பார்க்காமல். “கசிவு நிற்காது. சிவப்பணு உடையாது, ஆனால் உள்ளே பூட்டி வைத்திருந்த பொற்றாசியம் மெல்ல மெல்லச் சீரத்துக்குள் வந்துவிடும். அந்த அம்மாவுக்கு முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கூடுதல் என்று நாங்கள் சொன்னோம், பாணியை நிறுத்தினார்கள், பழத்தை நிறுத்தினார்கள். உண்மையில் குறைந்தபோது, கசிந்தது சேர்ந்து, சரி என்று காட்டியிருக்கிறது.”

“அப்ப அந்த ஓங்காளம், மஞ்சள்?”

அவர் சுவர்ப் பெட்டியின் பக்கம் போய், அந்தப் பக்கக் கதவைக் காட்டினார். “டிஜொக்சின் வெளிப்பக்கம் வந்து பம்பைப் பிடித்துக்கொள்ளும். ஓரளவு பிடித்தால் இதயத்துக்கு நல்லது. வெளியே பொற்றாசியம் போதுமான அளவு நின்றால், அது மருந்தின் பிடியைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். பொற்றாசியம் குறைந்தால் தளர்த்த ஆள் இல்லை. அதே குளிசை, அதே அளவு. நஞ்சாகிவிடும்.”

“உங்களுக்கு இது தெரியுமா? முதலே?”

“தெரியும். வீடுகளில் எடுக்கத் தொடங்கியபோது முதலாளியிடம் சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை.”

அன்றைக்கு நான் அவருடைய மரியாதையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டேன். என் இத்தாலியன் அப்போது உடைந்த இத்தாலியன்தான், ஆனால் கோபத்துக்கு அது போதும். ஒரு தடவையா! மூடிகளை வைத்துக்கொண்டு எனக்கு அறைக்கும் அறைக்கும் நடந்து காட்டினீர்களே, முதலாளிக்கு முன்னால் நடக்க உங்களுக்குக் கால் இல்லையா? இளஞ்சிவப்பு கண்டால் தள்ளிவைக்கத் தெரிந்த உங்களுக்கு, ஐஸ் மாதிரிக் கையைக் கடித்த குழாய்களைத் தள்ளிவைக்கத் தெரியவில்லையா? அங்கே ஒருத்தி கொலைகாரி என்று பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்! அவர் தலையைக் குனிந்து குழாய்களை அடுக்கிக்கொண்டு நின்றார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கொஞ்சமும் முகம் மாறவில்லை.

“ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது யார்?” என்றார். “நாங்களா? அந்தப் பெண்தானே?”

கேட்டீர்களா கதையை! வை என்று சொன்னவர்கள் இவர்கள். பால் கெடாமல் பார்ப்பது போலப் பார்த்து, ஈரத்துணி சுற்றி, சொன்னதைச் சொன்னபடி செய்தவள் அவள். கடைசியில் குற்றம் கையில்தான், வாயில் இல்லையாம். “எங்கள் கூடம் பிழை விடுவதில்லை. ஒருவரும் வெளியே போய் எதுவும் பேசத் தேவையில்லை” என்றும் சொன்னார்.

நான் தொத்தோரேயைப் பார்த்தேன். முதுகு வளைந்துதான் இருந்தது. பிறகு கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றத் தொடங்கினார். கோட்டைக் கதிரையில் போட்டார். “தவா, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார்.

இதய நோயாளர் விடுதியின் நடையில் சல்வோ நின்றார். பவானியைக் கண்டதும் வழியை மறித்தார். தொத்தோரே நடுவில் வந்து தன்னை அறிமுகப்படுத்தினார். விடுதி வைத்தியரையும் கூப்பிட்டு, இருவருக்கும் முன்னால் ஆரம்பத்திலிருந்து சொன்னார். நாங்கள்தான் குளிரில் வைக்கச் சொன்னோம். எங்கள் அளவுகள் பொய். மல்லிக்கும் மந்தரினுக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. விடுதி வைத்தியர் தலையாட்டினார், இப்போது புரிகிறது என்றார். அம்மாவுக்கு டிஜொக்சினை நிறுத்தி, பொற்றாசியம் ஏற்றியதில், ஓங்காளம் நின்றிருந்தது.

சல்வோ கேட்டு முடித்தார். மீசையைத் தடவினார்.

“சரி. அப்படியானால் நான் குவெஸ்தூராவுக்குப் போகவில்லை” என்றார், ஏதோ தானம் செய்கிறவர் போல. “அம்மா வீட்டுக்கு வந்ததும் அவளும் வரலாம்.”

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. பவானியின் முகத்தையாவது பார்த்துச் சொன்னாரா? என்னைப் பார்த்துச் சொன்னார்!

பவானி என் கையைப் பிடித்தாள். “அக்கா, அவரைத் தாய்க்குச் சொல்லச் சொல்லுங்கோ. நான் நிக்கேக்கை சொல்லட்டும்.”

நான் மொழிபெயர்த்தேன். அவளுக்கே அந்தளவு இத்தாலியன் தெரியும், ஆனால் அன்றைக்குத் தமிழில்தான் கதைத்தாள். சல்வோ கையை விரித்தார். “வயது போனவர். அவரை ஏன் குழப்ப வேண்டும்? மெல்ல மெல்ல மறந்துவிடுவார்.”

“நஞ்சு வைத்தாள் என்று சொல்லும்போது குழம்பமாட்டாரா?” என்று நான் கத்தினேன். ஒரு தாதி வந்து என்னை அடக்கப் பார்த்தாள். அடங்க மனமில்லை எனக்கு.

தொத்தோரே எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் கட்டிலருகே குனிந்து, அந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, எனக்கு மூடிகளை வைத்து விளக்கிய அதே பொறுமையோடு சொன்னார். “சிஞ்ஞோரா, பிழை எங்களுடையது. உங்கள் இரத்தத்தைக் குளிரில் வைத்துக் கெடுத்தவர்கள் நாங்கள். இந்தப் பெண் உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.”

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். மகனைப் பார்த்தார். சல்வோ ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா பவானியின் பக்கம் முகத்தைத் திருப்பி, உலர்ந்த உதட்டை நாவால் தடவினார்.

“தண்ணீர்” என்றார்.

பவானி மேசையில் இருந்த கிளாஸை எடுத்தாள். இடது கையைப் பிடரிக்குக் கீழே விட்டு, தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கி, மோவாய் நெஞ்சோடு முட்டாமல் பிடித்து, ஒவ்வொரு மிடறாகப் பருக்கினாள். வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அம்மாவின் நெற்றியைத் தடவிவிட்டாள். அம்மா அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த விரலை அவள் மெதுவாக விடுவித்தாள். எழுந்து போய், பாதித் தண்ணீரோடு கிளாஸைச் சல்வோவின் கையில் வைத்தாள். இந்த முறை இத்தாலியனில், எல்லாருக்கும் விளங்கச் சொன்னாள்: “இனி நீங்கள் கொடுங்கள்.”

 வேலை இல்லை என்றால் பெர்மெஸ்ஸோ என்னாகும், மகளுக்கு என்ன அனுப்புவாள் என்று எல்லாம் ஒரேயடியாக எனக்குள் வந்து முட்டியது. “விசரி, யோசிச்சுச் செய்” என்று தமிழில் சொன்னேன். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் போகும்போது ஒருதடவை திரும்பிப் பார்த்தேன். அம்மா இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். சல்வோ கிளாஸோடு குனிந்து, ஒரு கையால் தலையணையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு தோளைத் தூக்கிப் பார்த்தார். தாயின் தலையை எங்கே பிடிப்பது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.